ஆடுகளத்தின் நடுவே ஒரு பெரியவர்

“பெரியவரு நிம்மதியாப் படுத்திருக்கிற இடத்துல பொட்டப்பிள்ளைக இப்படிச் சரட்டுச் சரட்டுன்னு ஓடுனா செத்தவருக்கு என்னம்மா மரியாதை” என்று செயலாளர் தங்கவேல் அண்ணாச்சி சொன்னதை, ஒரு எழுத்து கூட்டாமல் குறைக்காமல், அந்த இழுவையைக்கூட விடாமல் அவருக்கே திருப்பிச் சொல்லிக் காட்டினாள் பெர்னதெத். சொல்லி முடித்துவிட்டு, “நிம்மதியாப் படுத்திருக்கிறவரு எந்திரிச்சு வந்தா உங்ககிட்டப் புகார் சொன்னாரு?” என்று கேட்டாள்.

“அமல்ராஜ் வீட்டம்மா, வார்த்தைய அளந்து பேசுங்க.”

“நான் அளந்துதான் பேசுறேன் அண்ணாச்சி. அளக்காமப் பேசுனா நீங்க தாங்க மாட்டீங்க.”

முள்ளூரணி மகளிர் கல்லூரி மைதானத்தில், சனிக்கிழமை காலையில், வெயில் வந்து தலையில் உட்கார்ந்துகொண்ட நேரத்தில் நடந்த சண்டை இது. சுற்றிலும் கரிசல் மண் வெடித்துக் கிடக்க, நடுவில் மட்டும் ஒரு கோல் கம்பத்திலிருந்து மறு கோல் கம்பம் வரை ஐஸ் கண்ணைக் கூசவைத்தபடி கிடந்தது. அதன் நட்டநடுவில், தேக்கு பெஞ்சின் மேல், பட்டு வேட்டி கட்டி, சந்தனம் பூசி, வாடாத மாலையோடு அண்ணாச்சியின் அப்பா குருசாமி படுத்திருந்தார். அவர் ஆவணியில் செத்தவர். இப்போது தை.

அன்றைக்குத்தான் கடைசி ஆட்டம். நீலகிரியிலிருந்து எதிரணி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தது. ஜெயிக்கிற அணி, வடக்கே மலைக்கு அந்தப் பக்கம், வானத்திலிருந்தே ஐஸ் விழுகிற ஊரில் நடக்கும் தேசியப் போட்டிக்குப் போகும். களம் காலியாக இல்லாவிட்டால் ஆட்டமே கிடையாது, வெற்றி வந்தவர்களுக்கு. கோல் காக்கிற ஷைனி பெர்னதெத்தின் மகள், கல்லூரியில் கடைசி வருஷம்.

ஐஸ் வந்த கதை பெரிய கதை இல்லை. போன வருஷம் கத்திரி வெயிலில், தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்கிற ஒரு காலையில், ஹாக்கிப் பிள்ளைகள் பயிற்சிக்கு வந்தபோது மைதானம் ஐஸாகக் கிடந்தது, அவ்வளவுதான். பி.டி. மிஸ் கோமதி மட்டையின் நுனியால் ரெண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார், குனிந்து ஒரு விரலால் தொட்டு அந்த விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டார், “அடுத்த வாரம் மதுரைக்காரங்க வர்றாங்க, மேட்ச்சைத் தள்ளி வைக்க முடியாது, ஏறுங்கடி” என்றார். பிள்ளைகள் ஏறினார்கள், ஏறினவர்கள் எல்லோரும் விழுந்தார்கள். பேராசிரியர்கள் வந்து பார்த்து ஆராய்ந்து சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள், நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து இது குடிதண்ணீர்க் கசிவு இல்லை என்று எழுதிக்கொண்டு போனார், பூசாரி ஒரு மூலையில் தேங்காய் உடைத்தார், பங்குச் சாமியார் இன்னொரு மூலையில் தீர்த்தம் தெளித்தார், தீர்த்தம் விழுந்த இடத்திலேயே மணிமணியாக உறைந்தது, அதோடு ஊர் அதைப் பழகிக்கொண்டது, புது பஸ் ஸ்டாண்டு வந்தால் எப்படிப் பழகுமோ அப்படி.

பழகிக்கொண்டது என்றால் பயன்படுத்திக்கொண்டது என்று அர்த்தம். வெட்டி எடுத்த ஐஸ் எல்லா ஐஸையும் போல உருகும், வெட்டின பள்ளமோ மறுநாள் தானாக நிரம்பிவிடும். ஆகவே மீன்காரர்கள் வந்தார்கள், சர்பத் கடைக்காரர்கள் வந்தார்கள், பல் பிடுங்கிக்கொண்டவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள், கல்யாண ஜோடிகள் போட்டோ எடுக்க வந்து வழுக்கி விழுந்து, விழுந்ததையே நல்ல போட்டோ என்று வைத்துக்கொண்டார்கள். ஆண்கள் கல்லூரியிலிருந்து வந்து, சாயங்காலம் பிள்ளைகளுக்கு எதற்கு, பையன்களுக்கு விடுங்களேன் என்று கேட்டார்கள். கோமதி மிஸ், “உங்க கிரவுண்டுல ஐஸ் வந்தா நாங்க கேக்க மாட்டோம்” என்று சொல்லி கேட்டைச் சாத்தினார்.

ஆட்டத்தை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிள்ளைகள் செல்போனில் பார்த்து, பார்த்ததை விழுந்து விழுந்து கற்றுக்கொண்டார்கள். அச்சகங்களில் பேப்பர் வெட்டித் தேய்ந்துபோன கத்திகளை வாங்கி, பட்டறையில் துண்டு போட்டு, கேன்வாஸ் ஷூவின் அடியில் ஆணி அடித்துப் பூட்டினார்கள். லாரி டயரை வட்டமாக வெட்டினால் அதுதான் பந்து. ஷைனியின் காலுக்கும் நெஞ்சுக்கும் கட்டுகிற மெத்தைகளை பெர்னதெத் தைத்தாள். கல்யாணத்துக்கு வந்த நல்ல இலவம்பஞ்சுத் தலையணைகளைக் கிழித்துத் தைத்தாள். “தலைக்கு என்னடி வைக்கிறது” என்று அமல்ராஜ் கேட்டதற்கு, “கைய வச்சுப் படுங்க, ஆண்டவர் ரெண்டு குடுத்திருக்காரே” என்றாள்.

கான்வென்டில் படித்தவள் அவள். அங்கே எறிபந்து ஆடுவாள், பள்ளிக்கூடத்திலேயே வேகமான கை அவளுடையது. வயதுக்கு வந்து திரும்பிப் போன அன்று, பிரேயர் முடிந்ததும், மதர் சுப்பீரியர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, இனிமேல் நீ பாட்டுக் குழுவில் சேர்ந்துகொள் என்றார். அவளுக்குப் பாட்டு வராது. வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நாலு வருஷம் நின்றாள். அந்தக் கோபம் ஆறவில்லை, அதை ஆறவைக்கிற எண்ணமும் அவளுக்கு இருந்ததில்லை.

வேறெந்த ஊரிலும் ஐஸ் வராததால் எல்லா அணிகளும் முள்ளூரணிக்கே வந்தன. முதல் ஆட்டத்தில் மதுரைக்காரிகளும் இவர்களும் ஆடினதைவிட விழுந்ததுதான் அதிகம், யார் கோல் போட்டார்கள் என்று நடுவருக்கே தெரியாமல் சமம் என்று முடித்தார். மூன்றாவது ஆட்டத்துக்குள் முத்துப்பேச்சி நிற்கக் கற்றுக்கொண்டாள். அவள்தான் கேப்டன். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற வீட்டிலிருந்து வந்தவள், கறுத்து மெலிந்து, மட்டையைத் தோளில் போட்டு நடந்தால் விறகுக்குப் போகிறவள் மாதிரி இருக்கும், ஐஸில் ஏறிவிட்டால் அவளைப் பார்க்கப் பக்கத்து ஊர்க்காரர்கள் ட்ராக்டரில் வந்தார்கள். நிற்கக் கற்றவள் ஓடக் கற்றாள், அவள் ஓடினாள் என்று மற்றவர்கள் ஓடினார்கள், அதற்கப்புறம் அவர்கள் தோற்கவே இல்லை. ஊர் கைதட்டியது, சுண்டல் விற்றது, எங்கள் பிள்ளைகள் என்று சொல்லிக்கொண்டது. ஆவணி வரைக்கும் சொல்லிக்கொண்டது.

முதலில் வந்த பிணம் மாடத்தி. லோடு ஏற்றுகிற சுடலையின் பெண்சாதி. மகன் துபாயில் கட்டட வேலை. ஃப்ரீசர் பெட்டி எடுக்க வழியில்லாமல், சுடலை கேட்டுக்கு வெளியே நின்று, “தாயி, ஒரு ஓரமாக் கிடத்திக்கிடவா, பையன் மொகம் பாக்கணுமில்ல” என்று முத்துப்பேச்சியிடம்தான் கேட்டான். கோலுக்குப் பின்னால் இடம் கொடுத்தார்கள். பிள்ளைகள் அன்று ஆடவில்லை. மூன்றாம் நாள் மகன் வந்துவிட்டான், விமான நிலையத்திலிருந்து நேராக வந்து, அம்மாவைத் தூக்கிக்கொண்டு போகும்போது ஒவ்வொரு பிள்ளையையும் பார்த்துக் கும்பிட்டான். அதில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

குறை என்பது ஊருக்கு விஷயம் தெரிந்தபோது வந்தது. அடுத்து குருசாமி செத்தார். இளைய மகன் அமெரிக்காவில் இருந்தான். கல்லூரிச் செயலாளரின் அப்பாவைக் கோலுக்குப் பின்னால் படுக்க வைக்க முடியுமா, நட்டநடுவில் பெஞ்சு போட்டார்கள். ரெண்டு நாள் என்றார்கள். தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை என்றார்கள், பிறகு ஏதோ பேப்பர் வரவேண்டும், அது வராமல் அந்த நாட்டை விட்டு வெளியே வந்தால் திரும்ப விடமாட்டார்கள் என்றார்கள், பேப்பர் வந்தபோது அவன் மகளுக்குப் பரீட்சை என்றார்கள். பெரியவர் அப்படியே இருந்தார், செத்தபோது இருந்ததைவிடக் கொஞ்சம் தெளிவாகக்கூட இருந்தார், கெட்டுப்போகாத பொருளுக்கு யார் அவசரப்படுவார்கள்.

அதன்பின் ஊரில் சாவுக்கு அவசரம் போய்விட்டது. சிங்கப்பூரில் மகன் இருந்தவர்கள், கனடாவில் மகள் இருந்தவர்கள், சென்னையில் மகன் இருந்தும் அவனுக்கு வேலை அதிகமாக இருந்தவர்கள், எல்லோரும் தங்கள் செத்தவர்களைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். கட்டில், பெஞ்சு, கயிற்றுக் கட்டில், ஒரு வீட்டார் கண்ணாடி மேசையே கொண்டுவந்தார்கள். எந்தத் தெருக்காரர் எந்தத் தெருக்காரருக்குப் பக்கத்தில் படுக்கக் கூடாது என்பது உயிரோடு இருந்தபோது எப்படியோ அப்படியே, ஐஸின்மேல் சுண்ணாம்புக் கோடு போட்டு வகுத்தார்கள். சுடலையின் தெருவிலிருந்து இன்னொரு சாவு விழுந்தபோது மட்டும், இடம் இல்லையே தம்பி என்று கேட்டிலேயே சொல்லிவிட்டார்கள், அவர்களும் சாயங்காலத்துக்குள் எடுத்து முடித்துவிட்டார்கள். ஒப்பாரிக்காரிகளுக்கு முதலில் கஷ்டமாக இருந்தது, மாசக்கணக்கில் எப்படி அழுவது, பிறகு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வந்து எல்லோருக்கும் பொதுவாக அழுதுவிட்டுப் போனார்கள். பதினாறாம் நாளை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று கேட்டவர்களுக்கு, எடுத்த நாளிலிருந்து எண்ணுங்கள், எடுத்தால்தானே எண்ணவேண்டும் என்று ஜோசியர் சொல்லிவிட்டார்.

ஒருநாள் பெர்னதெத் அங்கே ஒரு அம்மாளைப் பார்த்தாள். கட்டிலில் படுத்திருந்த புருஷனின் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள், தலையில் ஒரு பந்து மல்லிகை. “எப்பம்மா எடுக்கப் போறீங்க” என்று பெர்னதெத் எரிச்சலோடு கேட்டதற்கு, அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தி, “அவுக எடுக்கட்டும்மா எப்பவோ. எடுக்கிற வரைக்கும் பூ வச்சிக்கிடலாமில்ல” என்றாள். பெர்னதெத் வீட்டுக்கு வந்து, அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல், அடுப்படியில் இருந்த எல்லாப் பாத்திரத்தையும் போட்டுத் தேய்த்தாள்.

பிள்ளைகள் ஆடினார்கள். ஆடக் கூடாது என்று யாரும் முதலில் சொல்லவில்லை, இடம்தான் குறைந்துகொண்டே வந்தது. கட்டில்களுக்கு நடுவில் புகுந்து, பெஞ்சைச் சுற்றி வளைந்து, டயர் வட்டை ஒரு கால்மாட்டுக்கும் இன்னொரு தலைமாட்டுக்கும் இடையில் தள்ளி, ஓடினார்கள். முத்துப்பேச்சி குருசாமியைச் சுற்றும்போதெல்லாம், “தாத்தா, காலை மடக்கிக்கிடுங்க” என்பாள், மற்றவர்கள் சிரிப்பார்கள். வெளியூர் அணிகள் பிணங்களைப் பார்த்து ஒடுங்கி நின்றுவிட, இவர்கள் ஏழு எட்டு என்று கோல் போட்டார்கள். ஊரைச் சேர்ந்த நடுவர்கள் கண்டுகொள்ளவில்லை. அந்தப் பருவம் முழுக்க அவர்கள் ஜெயித்ததை, செத்தவர்களின் ஆசீர்வாதம் என்று பேப்பரில் போட்டார்கள். பிள்ளைகளின் முழங்கால் தோல் போனதை யாரும் போடவில்லை.

மார்கழியில் ஒரு பயிற்சியின்போது டயர் வட்டு எகிறிப் போய் குருசாமியின் மாலையில் பட்டது. ரெண்டு பூ உதிர்ந்தது. ஷைனி ஓடிப்போய், பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டு, பூவை எடுத்து வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் அண்ணாச்சி கல்லூரி அசெம்பிளியில் மைக்கைப் பிடித்து, இனிமேல் ஐஸில் கிடக்கிற பெரியவர்கள்மேல் எந்தப் பிள்ளையின் கையோ மட்டையோ பட்டால் அந்தப் பிள்ளைக்கு ஹால் டிக்கெட் கிடையாது, பரீட்சை எழுத முடியாது என்று அறிவித்தார்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் ஷைனி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். “என்னடி, வடக்க போனாக் குளிருமேன்னு இப்பவே யோசிக்கிறியா” என்று பெர்னதெத் கேட்டாள்.

“இல்லம்மா. அங்க யாரும் படுத்திருக்க மாட்டாங்கல்ல. ஒரே ஒரு தடவை நேரா ஓடிப் பாக்கணும்மா. வளையாம.”

அமல்ராஜ் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அண்ணாச்சியின் அரிசி ஆலையில் மேனேஜர்.

அதனால்தான் சனிக்கிழமை காலையில் பெர்னதெத் அங்கே நின்றாள். நடுவராக வந்திருந்தது ஒரு மலைநாட்டுப் பெண், தமிழ் தெரியாதவள், வடக்கே ஐஸிலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் களத்தை ஒருமுறை சுற்றி வந்தாள், ஒவ்வொரு கட்டிலின் முன்னாலும் நின்று தலையைக் குனிந்து வணங்கினாள், பிறகு கோமதி மிஸ்ஸிடம் இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். களத்தில் ஆட்டக்காரர்களைத் தவிர வேறு யாரும் இருக்கக் கூடாது. உயிரோடு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. எதிரணி பஸ்ஸிலிருந்து இறங்கி ஷூ மாட்டுவதற்குள் காலியாகவேண்டும்.

மற்ற வீட்டார்கள் முணுமுணுத்துக்கொண்டே தங்கள் தங்கள் கட்டில்களை ஓரத்துக்கு நகர்த்த வந்தார்கள், பாதி வழி வந்ததும் அண்ணாச்சியைப் பார்த்தார்கள். அண்ணாச்சி அசையவில்லை. அவர் எடுக்காமல் மற்றவர்கள் எப்படி எடுப்பது, நின்றுவிட்டார்கள்.

“இத்தன நாள் சுத்திச் சுத்தி ஆடுனாங்கல்ல, இன்னிக்கு மட்டும் என்ன” என்றார் அண்ணாச்சி.

“இன்னிக்கு ஜெயிச்சாப் போவாங்க அண்ணாச்சி. அதான் இன்னிக்கு.”

“தம்பி வரட்டும். அவன் வந்து மொகத்தப் பாக்காம நான் அப்பாவ அசைக்கிறதா இல்ல.”

“எங்க, தம்பியக் கூப்பிடுங்க. நான் கேக்கிறேன்.”

அண்ணாச்சியின் மச்சினன் போனில் தம்பியைக் கூப்பிட்டு, முகம் தெரிகிற மாதிரிப் பிடித்தான். அந்த ஊரில் ராத்திரி. தம்பி சோபாவில் அரைக்கால் டவுசரோடு உட்கார்ந்திருந்தான், பின்னால் டிவி ஓடியது. பெர்னதெத் போனை வாங்கி, “தம்பி, நான் இங்க விளையாடுற பிள்ளையோட அம்மா. நீங்க உங்க அப்பாவப் பாக்க எப்ப வர்றீங்க” என்று கேட்டாள்.

“வரணும்க்கா. கோடை லீவுல பாக்கலாம்னு இருக்கோம். அவருதான் நல்லா இருக்காரே” என்றான் தம்பி.

“கேட்டீங்களா” என்று பெர்னதெத் போனைத் திருப்பி எல்லோருக்கும் காட்டினாள். “நல்லா இருக்காராம்.”

மச்சினன் போனை வாங்கிக்கொண்டு, “வெளியூர்ல இருக்கவனுக்கு ஆயிரம் இருக்கும்மா” என்றான்.

“பக்கத்துல இருக்கிற பிள்ளைகளுக்கு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. உங்களுக்கு அந்த ஒண்ணுதான் கண்ண உறுத்துது. துபாய்ல கலவை சுமக்கிறவன் மூணு நாள்ல வந்துட்டான், அவன் அம்மா ஓரத்துலதான் கிடந்தா. சோபாவுல உக்காந்திருக்கிறவனுக்கு நடு மைதானம் வேணும். மரியாதையாம். மாலை வாடலைங்கிறதுக்காக அது மரியாதை ஆயிருமா. மண்ணுக்குப் போகவேண்டிய மனுசன அஞ்சு மாசமா வேடிக்கைக்குப் போட்டு வச்சிருக்கீங்க, அந்தப் பாவம் உங்களுக்கு, அவரு காலடியில ஓடுனா பாவம் என் பிள்ளைக்கு.”

கேட்டுக்கு வெளியே பஸ் வந்து நின்றது. உல்லன் சட்டை போட்ட பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக இறங்கி, வெயிலையும் ஐஸையும் மாறி மாறிப் பார்த்தார்கள், பிறகு மரத்தடியில் உட்கார்ந்து பைகளைத் திறந்தார்கள். இந்தப் பக்கம் முத்துப்பேச்சியும் ஷைனியும் மற்ற பிள்ளைகளும் கத்தி பூட்டின ஷூக்களை மாட்டிக்கொண்டு, கோட்டுக்கு வெளியே வரிசையாக நின்றார்கள்.

பெர்னதெத் செருப்போடு ஐஸில் ஏறினாள். ரெண்டு தரம் வழுக்கியது, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். குருசாமியின் கால்மாட்டுக்குப் போய் பெஞ்சைப் பிடித்துத் தூக்கினாள். ஒரு பக்கம் எழுந்தது. தலைப்பக்கம் சாய்ந்து, பெரியவர் மெல்ல நழுவத் தொடங்கியதும் பதறி இறக்கி வைத்தாள். அது ஒரு ஆள் காரியம் இல்லை. கால்மாட்டுக்கு ஒரு ஆள், தலைமாட்டுக்கு ஒரு ஆள்.

“அம்மா, நான் வர்றேன்” என்று ஷைனி கோட்டைத் தாண்டக் காலெடுத்தாள். முத்துப்பேச்சியும் மட்டையைக் கீழே போட்டாள்.

“யாரும் உள்ள வரக் கூடாது. உங்க ஹால் டிக்கெட் எனக்கு வேணும். நின்ன இடத்துல நில்லுங்கடி.”

அண்ணாச்சி கைகளைக் கட்டிக்கொண்டு, “பொம்பள தொட்டுப் பாடை தூக்குற வழக்கம் நம்ம பக்கத்துல இல்லம்மா” என்றார், கோபமில்லாமல், ஒரு தகவலைப் போல.

“சரி. வழக்கம் உள்ளவங்க வாங்க” என்றாள் பெர்னதெத்.

ஓரத்தில் ஆண்கள் நிறையப் பேர் நின்றார்கள். மாமன்கள், மச்சினன்கள், ஆலையில் மூட்டை தூக்குகிறவர்கள், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்து எங்கள் பிள்ளைகள் என்று கத்தினவர்கள். மூட்டை தூக்குகிறவர்கள் அண்ணாச்சியைப் பார்த்தார்கள். மச்சினன் போனைப் பார்த்தான். சுடலை கூட்டத்தில் இருந்தான், அவன் ஒரு எட்டு முன்னால் வைத்தான், பக்கத்தில் இருந்தவர் அவன் தோளில் கை வைத்தார், அவன் அந்தப் பெஞ்சைத் தொட்டால் என்ன நடக்கும் என்பது அவனுக்கும் தெரியும், மற்றவர்களுக்கும் தெரியும், அவன் நின்றான். மரத்தடியில் எதிரணிப் பிள்ளைகள் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி முடித்து எழுந்து நின்றாள். இன்னொருத்தி எழுந்தாள்.

அந்த ஆண்களுக்கு நடுவில், சட்டைப் பையில் ஆலையின் பேனாவோடு, அமல்ராஜ் நின்றார். பெர்னதெத் அவரைப் பார்த்தாள். இருபத்துநாலு வருஷத்தில் அவரிடம் அவள் கத்தியிருக்கிறாள், முறைத்திருக்கிறாள், சாப்பாட்டுத் தட்டை நங்கென்று வைத்திருக்கிறாள், இது வேண்டும் என்று கேட்டதில்லை. குனிந்து, பெரியவரின் பாதத்துக்குப் பக்கத்தில் பெஞ்சின் விளிம்பை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை ஒட்டிக்கொண்டது.

“ஏங்க” என்றாள்.

அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் இந்தப் பக்கம் பிடிச்சிருக்கேன். நீங்க தூக்க வேண்டாம், பாரமெல்லாம் நான் வாங்கிக்கிறேன். அவரு சாயாம, அந்தத் தலைப்பக்கம் மட்டும் வந்து பிடிச்சுக்கிடுங்களேன்.”